காலி இடத்தின் காவல்காரர்

கணினிச் சேமிப்புப் பிரிவின் தலைவருக்கு ஆபீசில் ‘பூட்டு’ என்று பெயர். நேரில் ‘சார்’, முதுகுக்குப் பின்னால் ‘பூட்டு’. பெயர் வைத்தவர் நெட்வொர்க் பிரிவின் தலைவி. பதிலுக்கு இவர் அந்த அம்மாளுக்கு வைத்த பெயர் ‘ஒயரக்கா’. இருவரும் வீட்டிலும் இந்தப் பெயர்களைச் சொல்லியே புலம்பியதால், இரண்டு குடும்பங்களுக்கும் எதிராளியின் நிஜப்பெயர் கடைசிவரை தெரியாமல் போனது.

அது ஒரு காப்பீட்டு நிறுவனம். மனிதருக்கு இன்னும் என்னென்ன கெடுதல் நேரலாம் என்று உட்கார்ந்து யோசிப்பதுதான் அங்கே தொழில். அப்படிப்பட்ட இடத்தில் காலம் தள்ளுகிறவர்களுக்கு அந்தப் புத்தி கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும். பூட்டுக்குத் தாராளமாகவே ஒட்டியிருந்தது. அவரிடம் தாராளமாக இருந்த ஒரே விஷயமும் அதுதான் என்பது ஒயரக்காவின் கருத்து.

கட்டடத்தின் தரைத்தளத்தில், பின்பக்கமாக, ஜன்னலே இல்லாத ஒரு கூடம். டேட்டா சென்டர். இடப்பக்கம் இரும்பு அலமாரிகளில் சர்வர்கள். கணக்குப் போடுகிற வேலை அவற்றுக்கு. நடுவில் நெட்வொர்க், ஒன்று சொன்னதை இன்னொன்றுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது. வலப்பக்கம், கம்பி வலைக்கு உள்ளே, பூட்டின் சேமிப்புப் பெட்டிகள். எல்லாவற்றையும் ஞாபகம் வைத்துக்கொள்வது. வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே ஸ்வெட்டர் இல்லாமல் நிற்க முடியாது. காற்றாடிகளின் இரைச்சலில் பக்கத்தில் நிற்கிறவரோடும் கத்தித்தான் பேச வேண்டும். அங்கே வேலை பார்ப்பவர்கள் காதலைச் சொன்னாலும் தெருவுக்கே கேட்கும்.

ஏதாவது மெதுவாக ஓடினால் சர்வர்காரர்கள் நெட்வொர்க்கைக் கைகாட்டுவார்கள். ஒயரக்கா சேமிப்பைக் கைகாட்டுவார். பூட்டு சர்வரைக் கைகாட்டுவார். கை ஒரு சுற்று சுற்றி வருவதற்குள் கோளாறு தானாகவே சரியாகிவிடும். யார் சரிசெய்தது என்பதில் அடுத்த சண்டை ஆரம்பிக்கும்.

பூட்டின் அன்றாட வேலை, கேட்டு வருகிறவர்களுக்கு இடம் இல்லை என்று சொல்வது.

“சார், கொஞ்சம் இடம் வேணும்.”

“எதுக்கு?”

“பழைய கோப்பெல்லாம் நிரம்பிடுச்சு சார்.”

“அழிச்சுடுங்க.”

“எதை சார்?”

“பழையதை.”

“பழையதை வைக்கத்தானே சார் இடமே கேக்குறேன்.”

“அப்ப புதுசை அழிங்க.”

ஒயரக்கா ஒருமுறை அறைவாசலிலேயே நின்று கத்தினார்: “பஸ்ல ஜன்னலோர சீட்டைக் கேட்டாக்கூட யாராவது எழுந்து கொடுத்துடுவாங்க. உங்ககிட்ட வந்து கேட்டேன் பாருங்க, என்னைச் சொல்லணும்!”

“கேட்டதுல பாதி எடுத்துக்கோங்க,” என்றார் பூட்டு.

ஒயரக்கா தேவையைப் போல இரண்டு மடங்கு கேட்டிருந்தார். ஆகவே தேவையானது கிடைத்தது. அவர் பூட்டை ஏமாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டு போனார். பூட்டு பாதியை மிச்சப்படுத்தியதாக நினைத்துக்கொண்டார். நிர்வாகம் என்பது பெரும்பாலும் இப்படித்தான் நடந்தது. எல்லோரும் பொய் சொன்னதால் கணக்கு சரியாக இருந்தது.

அப்படி மிச்சம் பிடித்ததையெல்லாம் பூட்டு ஒரு பக்கமாகச் சேர்த்து வைத்தார். அதற்கு ‘பழுது – தொடக்கூடாது’ என்று பெயர் கொடுத்தார். பழுது என்று எழுதியிருந்தால் ஆபீசில் யாரும் கிட்டே போகமாட்டார்கள். போனால் சரிசெய்யச் சொல்லிவிடுவார்கள். பூட்டு அதில் தனக்கென்று ஒரு குடும்பப் படத்தைக்கூட வைத்துக்கொண்டதில்லை. சுத்தமான மனிதர். அவர் பதுக்கியது வெறும் காலியை.

என்றைக்காவது ஒரு கெட்ட நாள் வரும், ஒரு பெட்டி செத்துப்போகும், புதியது வந்து சேர மாசக்கணக்காகும், எல்லோரும் அலறிக்கொண்டு கம்பி வலைக்கு முன்னால் வந்து நிற்பார்கள், அப்போது அலட்டிக்கொள்ளாமல் எடுத்துக் கொடுக்கலாம் என்பது அவருடைய எண்ணம். அந்த நாளை அவர் பலமுறை மனதில் ஓட்டிப் பார்த்திருக்கிறார். அதில் ஒயரக்கா மன்னிப்புக் கேட்கிற இடம் அவருக்கு மிகவும் பிடிக்கும்.

இந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்தது. ஃப்ரிட்ஜில் ஒரு தட்டைக் காலியாக வைக்கச் சொல்வார்.

“எதுக்குங்க?” என்பார் மனைவி.

“திடீர்னு யாராவது வந்தா?”

“வந்தா சாப்பிட ஏதாவது கொடுக்கணும். திறந்து வெறும் தட்டையா காட்டுறது?”

பூட்டின் அண்ணனும் அதே நிறுவனத்தில்தான் இருந்தார், மூன்றாவது மாடியில், உதவி எண் பிரிவில். கார் மோதி ரோட்டோரம் நிற்பவர்கள், கடை எரிந்து புகை அடங்காமல் நிற்பவர்கள் அந்த எண்ணுக்குக் கூப்பிடுவார்கள். அண்ணன் எடுத்ததும் சொல்வது ஒன்றுதான்: “முதல்ல நீங்க உட்காருங்க. உட்கார்ந்துட்டீங்களா? இப்ப நிதானமாச் சொல்லுங்க.” ஜனங்கள் கிடைத்த இடத்தில், நடைபாதை ஓரத்திலோ எரிந்த மேஜை மேலோ, உட்கார்ந்துவிடுவார்கள். ஒவ்வோர் அழைப்பையும் சீக்கிரம் முடிக்க வேண்டும் என்பது விதி. அண்ணனுக்கு அது ஒருநாளும் கைவரவில்லை. தம்பி ஒரு கோப்புக்கு இடம் கொடுக்க அழுதார் என்றால், அண்ணன் யாரோ முகம் தெரியாதவர் அழுது முடிக்கிறவரை இடம் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் என்று சொன்னால் ஒயரக்கா நம்பமாட்டார்.

காய்ச்சல் என்று படுத்த அண்ணன் எழுந்திருக்கவில்லை. மகளுக்கு அப்போது பள்ளிக்கூடம் போகிற வயதுகூட இல்லை.

வீட்டில் படங்கள் நிறைய இருந்தன. வீடியோவும் இருந்தது. ஆனால் எப்போதும் படம் பிடிக்கிறவர் அண்ணன்தான். அதனால் ஒன்றிலும் அவர் இல்லை. ஒரே ஒரு இடத்தில் குரல் மட்டும் கேட்கும்: “பாப்பா, இந்தப் பக்கம் பாரு.” அவ்வளவுதான். வீட்டில் வாழ்ந்த மனிதரின் குரல் வீட்டில் அவ்வளவுதான் இருந்தது. ஆபீசிலோ அவர் பேசியதெல்லாம் பதிவாகியிருந்தது. எல்லா அழைப்புகளும் பதிவாகும். சில மாதங்கள் போனதும் பழையவை தாமாக அழிந்துபோகும்.

அண்ணனின் ஸ்வெட்டரையும் கோப்பையையும் எடுத்துப்போக வந்த அண்ணி, நேரே பூட்டின் அறைக்கு வந்தார்.

“தம்பி, அவர் பேசினதெல்லாம் இங்கதான் இருக்குன்னு மேல சொன்னாங்க.”

“ஆமா அண்ணி.”

“கேக்கலாமா?”

அதற்கான ஏற்பாட்டை மேலாளர் யோசித்து வைத்திருந்தார். வாடிக்கையாளர்கள் பேசியதை வெட்டிவிட்டு, அண்ணனின் குரலை மட்டும் குடும்பத்துக்குக் கொடுக்கலாம். ஆனால் சட்டப்பிரிவு பார்த்துச் சொல்ல வேண்டும். சட்டப்பிரிவு எதையும் அவசரப்பட்டுப் பார்க்காது. அதுவரை பதிவுகள் அழியாமல் யாராவது வேறிடத்தில் எடுத்து வைத்திருக்க வேண்டும். “இடம் இருந்தா வச்சிருங்க,” என்று பூட்டிடம் சொல்லியிருந்தார். ஆக, சட்டம், நிர்வாகம், மனிதாபிமானம் எல்லாம் ஒத்துவந்து, கடைசியில் இடம் இருக்கிறதா இல்லையா என்பதில் வந்து நின்றது.

பூட்டு யோசித்தார். ‘பழுது’ என்ற பகுதிக்குள் ஏதாவது போனால் ஒயரக்காவின் திரையில் தெரியும். பழுதான பெட்டிக்குள் என்ன போகிறது என்று கேட்பார். பிறகு ரகசியம் இருக்காது. வரிசையில் வந்து நிற்பார்கள். அதைவிட, ‘நமக்கு இல்லாத இடம் சொந்த அண்ணனுக்கு மட்டும் எங்கிருந்து முளைச்சுது’ என்று ஒரு பேச்சு வரும். அன்று காலைகூட ஒருவரை வெறுங்கையோடு அனுப்பியிருந்தார்.

“இடம் இல்லை அண்ணி,” என்றார்.

அண்ணி கோப்பையை ஸ்வெட்டருக்குள் சுற்றிக்கொண்டார். “இல்லைன்னா நீ என்ன பண்ணுவே,” என்றார்.

பதிவுகள் அவற்றுக்கான நாளில் தாமாக அழிந்தன. பூட்டு எந்தப் பொத்தானையும் அழுத்தவில்லை. கெட்ட நாளுக்கென்று ஒரு மனிதர் அத்தனை இடத்தைக் காத்து வைத்திருந்தார். வந்து வாசலில் நின்ற கெட்ட நாளை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

சொந்தக்காரர்கள் சும்மா இருப்பார்களா? “உன் கொழுந்தன்தானே அதுக்கெல்லாம் அதிகாரி? மனசு வச்சா முடியாதா?” என்று ஒரு அத்தை ஆரம்பித்தார். பூட்டு அப்போது அண்ணி வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து அண்ணியின் குரல் கேட்டது: “அவன் வச்சுக்கிட்டு இல்லைன்னு சொல்ற ஆளா? அவன் இல்லைன்னா இல்லைதான்.”

பூட்டு செருப்பைத் திரும்ப மாட்டிக்கொண்டு தெருமுனைவரை போய்விட்டு வந்தார்.

அதன்பின் ஞாயிறு தவறாமல் அந்த வீட்டுக்குப் போனார். குழாய் சொட்டினால், கதவுக் கீல் கழன்றால், மகளைப் பள்ளியில் சேர்க்க வரிசையில் நிற்க வேண்டுமென்றால், “தம்பி, ஒரு கை கொடுக்க முடியுமா?” என்று அண்ணியிடமிருந்து போன் வரும். முடியாது என்று ஒருநாளும் சொன்னதில்லை. ஆபீசில் ‘இல்லை’ என்பதைத் தவிர எதுவும் சொல்லாதவர், அந்த ஒரு வீட்டில் அந்தச் சொல்லையே மறந்திருந்தார். அண்ணி சொன்ன வாக்கியம் பொய்யாகாமல் இருக்க வேண்டும் என்பது அவருக்கு வாழ்க்கையில் இருந்த ஒரே பயம். ‘பழுது’ என்ற பெயரை யாரும் தொடாதவரை அது பொய்யாகாது.

வருடங்கள் கழித்து நிர்வாகம் டேட்டா சென்டரை எளிமையாக்குவது என்று தீர்மானித்தது. சர்வர் தனி, நெட்வொர்க் தனி, சேமிப்பு தனி என்பதெல்லாம் இனி கிடையாது. எல்லாம் ஒரே பெட்டிக்குள். ஒரே இயந்திரம் தன்னை இருபது இயந்திரம் என்று நடித்துக் காட்டும். அந்த இருபதும் அதை நம்பி வேலை செய்யும். எங்கே எவ்வளவு தேவையோ அதுவே பிரித்துக் கொடுக்கும். விளக்க வந்த விற்பனைக்காரர், “இனிமே ஒரு பிரிவு இன்னொரு பிரிவைக் குறை சொல்லவே முடியாது,” என்று பெருமையாக முடித்தார்.

“அப்புறம் நாங்க எதுக்கு ஆபீசுக்கு வர்றது?” என்றார் ஒயரக்கா.

பெட்டியை நிறுவ வந்த நிறுவனத்தின் பொறியாளர்களில் ஒருத்தி அண்ணனின் மகள். ஆபீசில் பூட்டை ‘சார்’ என்று கூப்பிடுவாள், ஞாயிற்றுக்கிழமை ‘சித்தப்பா’. ஒரே பெட்டிக்குள் எல்லாம் போக வேண்டுமானால் முதலில் யாரிடம் என்ன இருக்கிறது என்று உண்மையைச் சொல்ல வேண்டும். அந்தக் கூடத்தில் யாருக்கும் அது பழக்கமில்லை. கடைசியில் ஒயரக்கா கெட்டுப்போனதாகச் சொல்லி வந்த இணைப்புகளில் பெரும்பாலானவை நன்றாகவே இருந்தன. சர்வர்காரர்களிடம் ஒரு வேலையும் செய்யாமல் வருடக்கணக்கில் ஓடிக்கொண்டிருந்த இயந்திரங்கள் அகப்பட்டன. “நம்ம ஆளுங்க மாதிரியே இருக்கு,” என்று மேலாளர் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். பதுக்காதவர் யாருமில்லை என்று தெரிந்தபோது பதுக்கல் ஒரு நகைச்சுவையாகிவிட்டது.

பூட்டுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. கம்பி வலைக்குள் அவள் மடிக்கணினியோடு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். அவர் பின்னால் நின்றிருந்தார்.

“சார், இந்தப் பழுதுன்னு போட்டிருக்கிற பகுதி…”

“என்ன?”

“பழுதே இல்லையே! நல்லா இருக்கு! சும்மா காலியா கிடக்கு!”

“ஆமா.”

“கேக்கலை சார்!”

“ஆமான்னேன்!” என்று கத்தினார்.

“எப்பலருந்து?”

வாய்க்கு வந்த எதையாவது சொல்லியிருக்கலாம். அவருக்கு அந்த வித்தையில் நல்ல பயிற்சி உண்டு. “நீ ஸ்கூல்ல சேர்றதுக்கு முன்னாடிலருந்து,” என்றார்.

அவள் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள். அந்தக் கதை அவளுக்குத் தெரியும். சித்தப்பாவிடம் மட்டும் இடம் இருந்திருந்தால் என்று அம்மா சொல்லக் கேட்டு வளர்ந்தவள். திரும்பிப் பார்த்து ஏதோ கேட்டாள். இரைச்சலில் விழவில்லை. இன்னொரு முறை கத்திக் கேட்டாள்: “அப்பா போனப்பவும் இருந்துச்சான்னு கேட்டேன்!”

“இருந்துச்சு!”

“அப்பாவோடதுக்கு எவ்வளவு வேணும்?”

“இதுல ஒரு மூலை!”

டேட்டா சென்டரில் எதையும் தணிந்த குரலில் சொல்ல முடியாது. நடுவில் நின்று ஒயர்களுக்கு நாடா சுற்றிக்கொண்டிருந்த ஒரு பணியாளர், அளவு ஏதோ பேசுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு தன் வேலையைப் பார்த்தார்.

அவள் திரைப் பக்கம் திரும்பினாள். பிறகு, “இதைப் புதுப் பெட்டிக்கு மாத்த வேண்டியதில்லை சார். மாத்த இதுல ஒண்ணும் இல்லை. பேரை மட்டும் எடுத்துட்டு மொத்தத்துல சேர்த்துடுறேன்,” என்றாள்.

பெயர் போனது. வெளியே வராந்தாவுக்கு வந்ததும் சத்தம் சட்டென்று நின்றது.

“அம்மாகிட்ட யார் சொல்றது?” என்று கேட்டாள்.

“நான் சொல்றேன்.”

“நீங்களே சொல்லுங்க. நான் சொன்னா உங்களைத் திட்டாம சொல்ல வராது.” சித்தப்பா என்றும் சொல்லவில்லை, சார் என்றும் சொல்லவில்லை.

புதுப் பெட்டியைத் தொடங்கிவைத்த அன்று பெரிய திரையில் எல்லாருடைய இடமும் ஒரே பட்டையாகத் தெரிந்தது. யாருடையது எங்கே ஆரம்பிக்கிறது என்று கோடு இல்லை. பாதிக்கு மேல் வெள்ளையாக, காலியாக இருந்தது. மேலாளருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “இவ்வளவு இடத்தை வச்சுக்கிட்டா இத்தனை நாள் அழிச்சுட்டு இருந்தோம்?” என்று கேட்டுவிட்டு, உதவி எண்ணுக்கு வரும் அழைப்புகளை இனி வருடக்கணக்கில் வைத்திருக்கலாம் என்று அங்கேயே அறிவித்தார். தவறான எண்ணுக்கு அழைத்தவர், காத்திருக்கும்போது ஒலிக்கும் இசை, இருமல், கொட்டாவி எல்லாம் இனி பத்திரமாக இருக்கும். வைத்துக்கொள்ளக் காரணம் வேண்டியதில்லை. அழிப்பதற்குத்தான் காரணம் சொல்ல வேண்டும். முன்யோசனையோடு இடத்தைச் சேர்த்து வைத்ததற்காகப் பூட்டுக்குத் தனியாக நன்றி சொல்லி, கைதட்டவும் வைத்தார். பூட்டு எழுந்து நின்று கும்பிட்டார். வேறு என்ன செய்வது?

“பூட்டு திறந்துடுச்சு டோய்!” என்று ஒயரக்கா முதன்முறையாக அந்தப் பெயரை அவர் காதுபடச் சொன்னார். அன்பாகத்தான் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் போனபோது அண்ணி கொடியிலிருந்து எடுத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். “நல்ல நேரத்துல வந்தே. இந்தப் பக்கத்தைப் பிடி,” என்று ஒரு போர்வையின் இரண்டு முனைகளைக் கொடுத்தார். இருவரும் எதிரெதிராக நின்று போர்வையை உதறினார்கள்.

“அண்ணி, ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு அண்ணன் பேசினதை வைக்க இடம் இல்லைன்னேன்ல.”

“ம்.”

“அது வந்து… எங்க பிரிவுகள்ல ஒரு வழக்கம் உண்டு. அவசரத்துக்குன்னு கொஞ்சம் ஒதுக்கி வைப்போம். அதைக் கணக்குல காட்ட மாட்டோம். காட்டினா அது மொத்தத்துல சேர்ந்துடும். அதனால தொழில்முறையில பார்த்தா அதை இடம்னே சொல்ல முடியாது—”

“தம்பி, எனக்கு இதெல்லாம் புரியாது. இடம் இருந்துச்சா, இல்லையா?”

“இருந்துச்சு.”

மடிப்பின்படி அவர் முனைகளை எடுத்துக்கொண்டு அண்ணியின் பக்கம் நடந்து வர வேண்டும். வந்தார். அண்ணி முனைகளை வாங்கிக்கொண்டார்.

“எனக்குன்னு தெரிஞ்சுமா இல்லைன்னே?”

“உங்களுக்குன்னு தெரிஞ்சதாலதான் அண்ணி. சொந்தக்காரங்களுக்குப் பண்ணிட்டான்னு ஒரு பேச்சு வந்துடக்கூடாதுன்னு.”

“யாரு பேசியிருப்பா?”

பூட்டு யோசித்துப் பார்த்தார். இத்தனை வருடமாக அவர் பயந்த ஊர்வாய்க்கு ஒரே ஒரு முகம்தான் இருந்தது. “ஒயரக்கா,” என்றார்.

“உங்க ஆபீஸ்ல ஒயரெல்லாம் பாக்குறாங்களே, உயரமா, சத்தமாப் பேசுறவங்க? அவங்களா?”

“அவங்களை உங்களுக்குத் தெரியுமா?”

“அவர் போனப்போ, நீ காரியத்துக்கு வெளியே அலைஞ்ச நேரத்துல, ஒரு வாரம் தினமும் சாயங்காலம் வந்து என் பக்கத்துல உட்கார்ந்திருந்தாங்க. ஒரு வார்த்தை பேசலை.”

ஒயரக்கா ஒரு வாரம் பேசாமல் இருந்தார் என்ற செய்தியை நம்புவதற்கு அவருக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. அண்ணி மிச்சத் துணிகளைத் தானே மடித்தார். சிறிய துணிகள், இரண்டாவது ஆள் தேவையில்லை.

“இத்தனை வருஷம் இல்லைன்னு இருந்துச்சு,” என்றார் அண்ணி, துணிகளைப் பார்த்தபடி. “இல்லாததைக் கேட்டு என்ன பண்றதுன்னு தூங்கிட்டேன். இப்ப எதுக்கு வந்து சொன்னே?”

அவரிடம் பதில்கள் இருந்தன. உண்மை, மனசாட்சி, மனதில் பாரம். எல்லாமே அவருடைய பாரத்தைப் பற்றியவை என்பது சொல்ல வாயெடுத்தபோதுதான் தெரிந்தது. “பாப்பா சொல்றதுக்கு முன்னாடி நானே…” என்றார்.

“அவளுக்குத் தெரியுமா?”

“அவதான் கண்டுபிடிச்சா.”

அண்ணி கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தார். “அவளுக்காவது தெரியாம இருந்திருக்கலாம்,” என்றார். திட்டவில்லை. அழவும் இல்லை. எழுந்து, “காபி போடட்டுமா?” என்று கேட்டார். போட்டுக் கொடுக்கவும் செய்தார். சர்க்கரை சரியாக இருந்தது. அவர் எதிர்பார்த்து வந்த எதுவும் நடக்கவில்லை. நடந்திருந்தால் திரும்பிப் போவது சுலபமாக இருந்திருக்கும்.

இப்போது கூடத்தில் கம்பி வலை இல்லை. பாதிக்கு மேல் காலியாகி, பேசினால் எதிரொலிக்கிறது. இடம் கேட்டு யாரும் வருவதில்லை. ஒரு பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்ப்பதுதான் பூட்டின் வேலை; அது எரிகிறது.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் தவறாமல் போகிறார். அண்ணியிடமிருந்து போன் வருவது நின்றுவிட்டதால் இவராகவே போக வேண்டியிருக்கிறது. போனால் மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. நாற்காலி, காபி, உடம்பு எப்படி இருக்கிறது என்ற விசாரிப்பு எல்லாம் உண்டு. போன வாரமும் கிளம்பும்போது வாசலில் நின்று கேட்டார்.

“ஏதாவது செய்யணுமா அண்ணி?”

“இல்லப்பா.”

“எதுவா இருந்தாலும் சொல்லுங்க.”

“ஒண்ணும் இல்லப்பா. நீ போயிட்டு வா.”

‘இல்லை’ என்ற சொல்லை எவ்வளவு தன்மையாகச் சொல்ல முடியும் என்று அவருக்குத் தெரியும். உள்ளே சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. இரண்டு பேருக்கும் கேட்டது. அவர் செருப்பை மாட்டிக்கொண்டார்.